நாடக மேடையில் ஆங்கில அரசர்

1815ஆம் ஆண்டு மார்ச் மாதம் 2ஆம் நாள் முதல் 1972ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாள் வரை, 157 ஆண்டுக் காலம், இலங்கையின் மலைநாடு ஆங்கில முடியின் கீழ் இருந்தது. மூன்றாம் ஜோர்ஜ் தொடங்கி இரண்டாம் எலிசபெத் ஈறாக ஒன்பது முடிமன்னரின் பெயரால் அக்காலத்தில் சட்டங்கள் இயன்றன. நுவரெலியாவிலும் ஹற்றனிலும் தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த மக்களோ அவர்களை அருகிருந்து அறிந்தாரல்லர். நாணயத்தில் பொறித்த தலையாகவும், தபால் முத்திரையில் அச்சிட்ட முகமாகவும், வழக்கு மன்றத்தில் ஒலித்த பெயராகவுமே அரசர் அவர்களுக்கு இருந்தனர். பெயர் மட்டும் ஆண்டது. பெயருக்குரியவர் கண்காணாத் தொலைவில் இருந்தார்.

ஆயினும், தோட்டத்துரைமாரின் மொழியாக மலையேறி வந்த அதே ஆங்கிலம், தன் அரசரை வேறொரு கோலத்திலும் உலகுக்குக் காட்டியிருக்கிறது. அம்மொழியின் தலைசிறந்த நாடகங்களில் அரசர் அழுகின்றனர், அஞ்சுகின்றனர், பொய்யுரைக்கின்றனர், முடியிழந்து நிலத்தில் அமர்கின்றனர். பெயரையும் ஆளையும் பிரித்துக் காட்டி, அப்பெயருக்காகத் துன்புற்றோர் யாவர் என வினவுவதே அந்நாடகங்களின் உயிர்நாடி. அவ்வினா மலைநாட்டு மக்களின் வரலாற்றோடு மிக நெருங்கிய தொடர்புடையது.

ஷேக்ஸ்பியர் இறந்து ஏழாண்டு கழித்து, 1623இல், அவருடைய நாடகங்கள் பெருந்தொகுதியாக அச்சேறின. தொகுத்தோர் அவற்றை இன்பியல், வரலாறு, துன்பியல் என மூன்றாக வகுத்தனர். வரலாற்றுப் பகுதியில் பத்து நாடகங்கள் உள்ளன. ஜோன் மன்னன், இரண்டாம் ரிச்சர்ட், நான்காம் ஹென்றி (இரு பாகம்), ஐந்தாம் ஹென்றி, ஆறாம் ஹென்றி (மூன்று பாகம்), மூன்றாம் ரிச்சர்ட், எட்டாம் ஹென்றி என்பன அவை. அவற்றுள் இரண்டாம் ரிச்சர்ட் முதல் மூன்றாம் ரிச்சர்ட் வரையுள்ள எட்டும் 1398ஆம் ஆண்டுக்கும் 1485ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட அரசுரிமைப் போரின் தொடர்கதையாய் அமைவன. ஹொலின்ஷெட்டின் பெயரால் 1577இல் வெளிவந்து, 1587இல் விரிவாக்கப்பெற்ற வரலாற்று நூல் அவற்றுக்குப் பெரும் மூலமாயிற்று. ஷேக்ஸ்பியரின் காலத்தவரான மார்லோவும் இரண்டாம் எட்வர்ட் என்னும் நாடகத்தில், முடிதுறக்க மறுத்துத் தவிக்கும் அரசன் ஒருவனைப் படைத்தார்.

இந்திய நாடக மரபை அறிந்தார்க்கு இது வியப்பளிக்கும். தனஞ்சயனின் தசரூபகம் முதலிய நூல்கள் நாடகத் தலைவனை உயர்குடிப் பிறந்தவனாகவும் பெருந்தன்மையுடையவனாகவும் வேண்டுகின்றன. தலைவன் கொல்லப்படுதலை மேடையிற் காட்டலாகாது என விலக்குகின்றன. 1926இல் மதங்கசூளாமணியை வெளியிட்ட விபுலாநந்த அடிகள் ஷேக்ஸ்பியரையும் தசரூபகத்தையும் ஒரே நூலில் அருகருகே வைத்துத் தமிழர்க்கு அறிமுகஞ் செய்தார். அருகருகே வைத்து நோக்கும்போதே வேற்றுமை புலனாகும். வடமொழி மரபு அரசனின் நிறைவைக் காட்ட விழைந்தது. ஆங்கில மேடையோ அரசனின் வீழ்ச்சியிலேயே அவனது உண்மையைத் தேடியது.

இத்தேடலுக்கு அக்காலச் சட்டக் கொள்கை ஒன்றும் துணைநின்றது. முதலாம் எலிசபெத் அரசியின் காலத்துச் சட்ட அறிஞர் அரசர்க்கு இரண்டு உடல்கள் உண்டெனக் கொண்டனர். ஒன்று, பிறந்து மூத்துப் பிணியுற்று இறக்கும் இயற்கை உடல். மற்றொன்று, மூப்பும் சாவும் அற்ற அரசியல் உடல். அரசர் இறப்பினும் அரசு இறவாது என்பதே இதன் கருத்து. எர்ன்ஸ்ட் கண்டோரோவிச் 1957இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில் இக்கொள்கையை விரித்துரைத்து, இரண்டாம் ரிச்சர்ட் நாடகத்துக்குத் தனி இயல் ஒன்றையும் ஒதுக்கினார்.

மலைநாட்டார்க்கு இக்கொள்கை புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. மாசி மாதத்தில் தோட்டந்தோறும் காமனை ஊன்றி ஆடும் காமன் கூத்தில், சிவனின் நெற்றிக் கண்ணால் மன்மதன் எரிந்து சாம்பலாகிறான். இரதி அழுது புலம்புகிறாள். உடல் எரிந்தபின்னும் அவன் ஆட்சி ஒழிவதில்லை. உருவிலியாய் நின்று உலகை ஆள்கிறான். உடலிழந்தும் ஆளும் தெய்வத்தை ஆண்டுதோறும் கண்ட மக்கள், உடலின்றிப் பெயரால் ஆளும் அரசை விளங்கிக்கொள்ளல் அரிதன்று. அரசரின் நிலையோ காமனின் நிலைக்கு மறுதலை. பெயர் வேறொருவனிடம் சென்றபின் எஞ்சிய உடல் என் செய்யும் என்பதே ஷேக்ஸ்பியர் எழுப்பிய வினா.

இரண்டாம் ரிச்சர்ட் 1377 முதல் 1399 வரை ஆண்டவன். தான் கடவுளால் திருமுழுக்குப் பெற்றவன், கடல் நீர் முழுதும் சேர்ந்தாலும் தன் மேனியில் பூசிய நெய்யைக் கழுவ முடியாது என நம்புபவனாக நாடகம் அவனைக் காட்டுகிறது. ஒன்றுவிட்ட சகோதரனான பொலிங்புரோக்கை நாடு கடத்துகிறான். அவன் தந்தை இறந்ததும் குடும்பச் சொத்தைப் போர்ச் செலவுக்குக் கவர்ந்துகொள்கிறான். உரிமையை மீட்க வந்தவன் முடியையே கைக்கொள்கிறான். அயர்லாந்திலிருந்து மீண்ட ரிச்சர்ட், படைகள் கலைந்த செய்தி கேட்டு நிலத்தில் அமர்ந்து, கொலையுண்ட மன்னர் கதைகளை நினைந்து வருந்துகிறான். தானும் உண்பவன், பசிப்பவன், நண்பரை வேண்டுபவன் என அவன் உணர்வது அப்பொழுதே. அரசனாயிருந்தவரை அறியாத தன்னை, முடி நழுவும்போதுதான் அவன் அறிகிறான்.

முடிதுறக்குங் காட்சி இந்நாடகத்தின் உச்சம். 1399 செப்டெம்பர் 30ஆம் நாள் பாராளுமன்றத்தில் முடிதுறப்பு அறிவிக்கப்பட்டபோது ரிச்சர்ட் அங்கு இல்லை. இலண்டன் கோட்டையிற் சிறையிருந்தான். ஷேக்ஸ்பியர் அவனை அவைக்கு அழைத்து வந்தார். அங்கு அவன் முடியின் ஒருபுறத்தைத் தானும் மறுபுறத்தைப் பகைவனும் பற்றி நிற்கச் செய்கிறான். முடியையும் செங்கோலையும் தன் கையாலேயே துறக்கிறான். பின்னர்க் கண்ணாடியில் தன் முகத்தை நோக்கி, முகம் மாறவில்லையே என வியந்து, அதனை எறிந்து உடைக்கிறான். முடிசூட்டு விழாவைத் தலைகீழாக நடத்திக் காட்டும் காட்சி இது.

இக்காட்சிக்கு ஆட்சியாளர் அஞ்சினர் என்று கருத இடமுண்டு. 1597இல் நாடகம் முதன்முதல் அச்சானபோது இப்பகுதி அதில் இல்லை. 1608ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே இது முதன்முதல் வெளிவந்தது. இடையில், 1601 பெப்ரவரி 7ஆம் நாள், எசெக்ஸ் பிரபுவின் ஆதரவாளர் நடிகர்க்கு வழக்கமான வருவாய்க்கு மேல் 40 சிலிங் கொடுத்து, ரிச்சர்ட் மன்னன் முடியிழந்த கதையைக் கிளோப் அரங்கில் ஆடச் செய்தனர். மறுநாள் எசெக்ஸ் அரசிக்கெதிராகக் கிளர்ந்தெழுந்து தோற்றான். அம்மாதம் 25ஆம் நாள் அவன் தலை வெட்டுண்டது. நாடகத்தால் நாடு கவிழவில்லை. ஆயினும், அரசரை அகற்றல் இயலும் என்பதை மேடையிற் காட்டுவது வெறும் பொழுதுபோக்கன்று என்பதை இரு தரப்பாரும் அறிந்திருந்தனர்.

வீழ்ந்த அரசனைப் போலவே வென்ற அரசனையும் ஷேக்ஸ்பியர் வினாவின்றி விடவில்லை. 1415 ஒக்டோபர் 25ஆம் நாள் அஜின்கோர்ட்டில் பிரெஞ்சுப் படையை வென்ற ஐந்தாம் ஹென்றி ஆங்கிலேயரின் வீர நாயகன். போருக்கு முந்திய இரவில் அவன் மாற்றுடையில் பாசறையைச் சுற்றிவருகிறான். தம்முன் நிற்பவன் அரசனென்று அறியாத எளிய வீரர் மனந்திறந்து பேசுகின்றனர். போரின் காரணம் நேரியதன்றாயின், வெட்டுண்ட கைகளும் கால்களும் தலைகளும் ஒருநாள் ஒன்றுகூடி அரசனிடம் கணக்குக் கேளாவோ என்கிறான் வில்லியம்ஸ் என்னும் வீரன். அரசன் நீண்ட விடை கூறுகிறான். ஆனால், போரின் காரணம் நேரியதா என்ற வினாவை மட்டும் நழுவவிடுகிறான்.

வெற்றிக்குப்பின் இறந்தோர் பட்டியல் அரசனிடம் தரப்படுகிறது. பிரெஞ்சுப் பிரபுக்களின் பெயர்கள் ஒவ்வொன்றாய் வாசிக்கப்படுகின்றன. ஆங்கிலத் தரப்பில் நால்வரின் பெயர் மட்டுமே சொல்லப்படுகிறது. ஏனையோர் பெயரற்ற 25 பேர் என்று முடிகிறது கணக்கு. வீரத்தைப் புகழும் நாடகமே இச்சிறு பட்டியலையும் தன்னுள் வைத்திருக்கிறது. காடழித்து, பாதை வெட்டி, மலைச்சரிவுகளைத் தோட்டங்களாக்கி, அம்முயற்சியில் மாய்ந்து தேயிலைச் செடியின் அடியிற் புதையுண்டவர்களின் வழிவந்தோர்க்கு, பெயரற்றோர் என்ற அச்சொல் எளிதிற் கடந்துபோகும் சொல்லன்று.

மேடை உண்மையையே காட்டுமெனக் கொள்ளலும் பிழை. மூன்றாம் ரிச்சர்டை ஷேக்ஸ்பியர் கூனனாகவும், கை சூம்பியவனாகவும், அண்ணன் மக்களான சிறுவர் இருவரைக் கோட்டையிற் கொல்வித்த கொடியவனாகவும் படைத்தார். 1485இல் பொஸ்வேர்த் களத்தில் அவனை வென்று ஏழாம் ஹென்றியாக முடிசூடியவன் முதலாம் எலிசபெத்தின் பாட்டன். எனவே, அரசியின் காலத்து நாடகம் வென்றவர் எழுதிய வரலாற்றையே பின்பற்றிற்று. 2012இல் லெஸ்டர் நகரில் வண்டிகள் நிறுத்துமிடமொன்றின் அடியில் அவன் எலும்புகள் கண்டெடுக்கப்பட்டன. 2015இல் அந்நகரப் பேராலயத்தில் அவை மீண்டும் அடக்கஞ் செய்யப்பட்டன. முதுகெலும்பு வளைந்திருந்தது மெய். கை சூம்பியதற்குச் சான்றில்லை. சிறுவர் இருவருக்கும் நேர்ந்தது யாதென்பது இன்றும் விவாதத்திற்குரியதாகவே உள்ளது.

வென்றவர் எழுத்தில் கொடியவனாய் நின்ற மன்னன் ஒருவன் மலைநாட்டிலும் உண்டு. கண்டியின் இறுதி அரசனான ஸ்ரீ விக்கிரம இராஜசிங்கன் 1798இல் அரியணை ஏறினான். கண்ணுசாமி என்பது அவன் இயற்பெயர். 1739 முதல் கண்டியை ஆண்ட நாயக்கர் மரபில் அவன் இறுதியானவன். தனக்கெதிராகத் திரும்பிய எகலப்பொலையின் மனைவி மக்களை 1814இல் கொல்வித்தான் என்பது அவன்மீது சுமத்தப்படும் பெரும்பழி. சிறுவர் கொலை ரிச்சர்டின் பெயரைப் பற்றிக்கொண்டதுபோலவே இப்பழி இவன் பெயரைப் பற்றிக்கொண்டது. எகலப்பொலையின் கதை சிங்கள மேடையில் நாடகமாயிற்று. அம்மேடை வடிவமோ தமிழ்க் கூத்து மரபினின்றும் கிளைத்ததாக ஆராய்ச்சியாளர் கூறுவர்.

கண்டி மன்னனின் கொடுமைகளைப் பொய்யென மறைக்க வேண்டுவதில்லை. ஆனால், அவற்றை விரித்தெழுதியோருள் அவன் நாட்டைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் முன்னின்றனர் என்பதையும் மறக்கலாகாது. பகைவன் எழுதிய சான்றைப் பகைவன் எழுதியதென அறிந்தே படித்தல் வேண்டும். மூன்றாம் ரிச்சர்ட் நாடகம் வரலாற்று மாணவர்க்குக் கற்பிக்கும் பாடம் அதுவே.

1815 பெப்ரவரி 18ஆம் நாள் மெதமகாநுவரைக்கு அருகில் அரசன் பிடிபட்டான். மார்ச் 2ஆம் நாள் கண்டி அரண்மனையின் மகுல் மடுவத்தில் ஆளுநர் பிரௌன்றிக்கும் கண்டிப் பிரதானிகளும் கூடி உடன்படிக்கை செய்தனர். அரசன் பதவியிழந்தான், அவன் மரபினர்க்கு அரசுரிமை என்றென்றைக்கும் மறுக்கப்பட்டது, அவனுடைய ஆண் உறவினர் நாட்டுக்குட் புகுதல் தடுக்கப்பட்டது. கண்டியின் ஆட்சியுரிமை மூன்றாம் ஜோர்ஜ் மன்னரைச் சேர்ந்தது. இரண்டாம் ரிச்சர்டைப் போலவே இம்மன்னனும் தன்னைப் பதவிநீக்கிய அவையில் இருந்தானல்லன். அவனை அவைக்கு அழைத்துவந்து பேசவைக்க ஒரு ஷேக்ஸ்பியரும் அன்று இல்லை. 1816இல் அவன் வேலூர்க்குக் கொண்டு செல்லப்பட்டு, அங்கேயே 1832 ஜனவரி 30ஆம் நாள் இறந்தான்.

எவருடைய பெயரால் கண்டி கைமாறியதோ அம்மூன்றாம் ஜோர்ஜின் நிலை அப்பொழுது யாது? அவர் மனநோயால் அறிவு கலங்கி வின்சர் அரண்மனையில் ஒதுங்கியிருந்தார். 1811 முதல் அவர் மகனே ஆட்சிப் பிரதிநிதியாய் நாட்டை ஆண்டான். தம் முடிக்கு மலைநாடு வந்துசேர்ந்ததை உணரும் நிலையிலும் அவர் இருந்திரார். முதுமையில் நாட்டைப் பிரித்துக் கொடுத்து, மக்களால் கைவிடப்பட்டு, பித்தேறிப் புயலில் அலையும் பண்டைப் பிரித்தானிய அரசனின் கதை லியர் மன்னன். மூன்றாம் ஜோர்ஜ் நோயுற்றிருந்த அவ்வாண்டுகளில் அந்நாடகம் இலண்டன் அரங்குகளில் ஆடப்படாது நின்றது. 1820இல் அவர் இறந்த பின்னரே அது மீண்டும் மேடையேறிற்று. இயற்கை உடல் வின்சரில் கலங்கிக் கிடக்க, அரசியல் உடல் கண்டியில் ஒரு நாட்டை ஏற்றுக்கொண்டது. இரண்டு உடற் கொள்கைக்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

மேடைமீது முடிக்கிருந்த இவ்வச்சம் நெடுங்காலம் நீடித்தது. 1737 முதல் 1968 வரை இங்கிலாந்தில் புது நாடகங்கள் அரண்மனை அதிகாரியொருவரின் அனுமதி பெற்றே பொது மேடையில் ஆடப்பட்டன. விக்டோரியா அரசியைப் பற்றி லோரன்ஸ் ஹவுஸ்மன் எழுதிய நாடகம் 1935இல் நியூயோர்க்கில் புகழுடன் ஆடப்பட்டபோதும், இலண்டனின் பொது மேடைக்கு வர 1937ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. நாணயத்தில் தலையைப் பொறிக்கத் தடையில்லை. மேடையில் உடலைக் காட்டவே தடையிருந்தது.

மலைநாட்டு மேடையிலும் அரசர் இல்லாமலில்லை. தோட்டத்துத் திருவிழாக்காலங்களில் ஆடப்பெறும் பொன்னர் சங்கர் கூத்து, கொங்கு நாட்டுச் சகோதரர் இருவரின் கதை. தமிழகத்திலிருந்து வந்த மக்கள் தம் மூட்டை முடிச்சுகளோடு சுமந்து வந்த செல்வம் அது. பகலில் மலையில் வேலைசெய்தவர் இரவில் முடிதரித்து அரசராவர். விடிந்ததும் முடியைக் கழற்றி மீண்டும் பிரட்டுக்களத்துக்குச் செல்வர். ஷேக்ஸ்பியர் காலத்து நடிகர் நிலையும் இதனோடு ஒத்ததே. பிரபுவின் ஆதரவு இல்லாத நடிகரை நாடோடியாகக் கருதித் தண்டிக்க 1572ஆம் ஆண்டுச் சட்டம் இடந்தந்தது. அத்தகைய எளியோரே மேடையில் மன்னராய் நின்றனர். திரையும் காட்சிச் சோடனையும் பெரிதும் இன்றி, சொல்லாலும் உடையாலும் ஆட்டத்தாலும் அரசவையைக் கண்முன் நிறுத்தியமையில் கிளோப் அரங்கும் தோட்டத்துக் கூத்துக்களமும் உறவுடையன.

கதை முடிவிலும் ஒற்றுமை உண்டு. பொன்னரும் சங்கரும் படுகளத்தில் வீழ்ந்தபின் தங்கையாகிய அருக்காணித் தங்கத்தின் புலம்பலே களத்தை நிறைக்கிறது. மூன்றாம் ரிச்சர்ட் நாடகத்திலும் கணவரையும் மக்களையும் இழந்த அரசியர் ஒன்றாய் அமர்ந்து இழப்பைக் கணக்கிடுகின்றனர். அரசர் முடிக்காகப் போரிடுவர்; போரின் விலையைப் பெண்டிர் எண்ணுவர். ஆனால், கூத்தில் வீழ்ந்தோர் தெய்வ அருளால் எழுகின்றனர். ஷேக்ஸ்பியரின் களத்தில் எவரும் எழுவதில்லை. எழுவது அடுத்த அரசன் மட்டுமே.

நாடு கடத்தப்படும் துன்பத்தையும் இரண்டாம் ரிச்சர்ட் நாடகம் ஆழ்ந்து காட்டுகிறது. அரசன் ஒரு சொல்லால் மௌப்ரே என்னும் பிரபுவை மீளா நாடுகடத்தலுக்கு ஆளாக்குகிறான். மௌப்ரே வருந்துவது நிலத்துக்காக மட்டுமன்று. 40 ஆண்டுகளாகப் பேசிய தாய்மொழியை இனி யாரிடம் பேசுவேன், என் நா மீட்டாத இசைக்கருவியாகிவிடுமே என்று கலங்குகிறான். அவனினும் இளைய பொலிங்புரோக்குக்குப் பத்தாண்டு விதித்த அரசன், தந்தையின் கண்ணீர் கண்டு நான்காண்டைக் குறைக்கிறான். நான்கு வேனிலும் நான்கு மாரியும் அரசனின் ஒரு சொல்லில் அடங்கிவிட்டனவே என அவன் வியக்கிறான்.

கண்டி மன்னனை வேலூர்க்கு அனுப்பிய சில ஆண்டுகளிலேயே, 1820களில், கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் வரத் தொடங்கினர். தமிழறிந்த மன்னன் கடல் கடந்து சென்ற திசையிலிருந்தே தமிழ் மக்கள் அவன் நாட்டுக்கு வந்தனர். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்டபின் அவர்களின் உழைப்பே நாட்டின் செல்வமாயிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அச்சட்டம் இலங்கைப் பாராளுமன்றம் இயற்றியது. எனினும், அன்றைய முறைப்படி ஆறாம் ஜோர்ஜ் மன்னரின் பெயராலேயே அதற்கு ஒப்புதல் வழங்கப்பட்டது. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் செய்த சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, 1,50,000 பேரின் நிலையைப் பின்னர்த் தீர்மானிக்க விட்டது. அங்கும் எண்கள் இருந்தன, பெயர்கள் இல்லை. எஞ்சியோர்க்கு உரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று.

ஆங்கில அரசரைப் பற்றிய நாடகங்களை மலைநாட்டு மாணவர் கற்பது அம்முடியைப் போற்றுதற்கன்று, வெறுத்தற்கும் அன்று. அதிகாரம் எங்கும் ஒரு பெயரின் பின்னால் நின்று பேசும். முன்னர் அது முடியின் பெயராயிருந்தது. பின்னர்ச் சட்டத்தின் பெயராயிற்று. அப்பெயரைக் கழற்றி, உள்ளே இருக்கும் மனிதனைக் காணவும், பட்டியலில் விடுபட்ட பெயர்களைத் தேடவும் நாடகம் பயிற்றுகிறது. வில்லியம்ஸ் என்னும் வீரன் இருளில் கேட்ட வினாவுக்கு அரசன் இன்னும் விடையளிக்கவில்லை. அவ்வினாவை மறவாதிருத்தலே நாடகம் கற்றதன் பயன்.